காத்திருக்கும் ஆண்டும் கற்பிக்கும் ஆண்டே



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான். பன்னிரண்டாம் வகுப்பின் மதிப்பெண் வந்துவிட்டது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வின் முடிவும் வந்துவிட்டது. மகனோ மகளோ தேறியிருக்கலாம். ஆயினும் கல்லூரியில் இடம் பெறும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. அப்போது பிள்ளை தயங்கித் தயங்கி ஒரு சொல் சொல்கிறது: "அப்பா, இன்னும் ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன். அதுவரை டியூஷன் எடுத்து என் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன்." இதைக் கேட்ட தந்தை ஆம் என்பதா, இல்லை என்பதா என அறியாது திகைக்கிறார். தாய் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு தந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். அந்தத் திகைப்பைப் பற்றியே இத்திங்கள் நாம் உங்களோடு சிந்திக்க விழைகின்றோம்.

காஞ்சிபுரத்தை எடுத்துக்கொள்வோம். கோயில்களுக்கும் பட்டுக்கும் பேர்போன இந்நகரம் கல்விக்கும் பேர்போனது. பல்லவர் காலத்தில் இங்கிருந்த கடிகை என்னும் உயர்கல்வி நிலையத்தை நாடி வெளிநாட்டாரும் வந்தனர். பின்னாளில் கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் தன் ஆசானுடன் கல்வி கற்க இங்கு வந்ததைத் தாளகுந்தாக் கல்வெட்டு உரைக்கின்றது. அந்தக் காஞ்சியில் இன்று மாலை வேளையில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடப்போர் இரண்டு ஓசைகளைக் கேட்கலாம். ஒன்று தறியின் ஓசை. மற்றொன்று, ஏதோ ஒரு வீட்டு முன்னறையில் பாயை விரித்து அமர்ந்து பாடம் ஒப்பிக்கும் பிள்ளைகளின் ஓசை. அப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர் பெரும்பாலும் இருபதைச் சற்றே கடந்த இளைஞர் அல்லது இளம்பெண். அறிவியலில் பட்டம் பெற்றவர். பகலில் டுடோரியலில் வேலை, மாலையில் வீட்டில் டியூஷன், இரவில் தம் சொந்தப் படிப்பு. மருத்துவராகும் கனவை இன்னும் கைவிடாதவர்.

கல்லூரியில் 'டியூட்டர்' என்றும் 'டெமான்ஸ்ட்ரேட்டர்' என்றும் பதவிகள் நம் மாநிலத்தில் முன்பே இருந்தன. பட்டம் பெற்ற கையோடு இளைஞர் அப்பதவிகளில் அமர்ந்து, ஆய்வுக்கூடத்தில் மாணவருக்குத் துணை நின்று, மேற்படிப்புக்கு வழி தேடினர். இன்று கல்லூரி ஆசிரியப் பணிக்கு முதுகலைப் பட்டமும் தகுதித் தேர்வும் வேண்டியிருப்பதால் அந்த வாயில் குறுகிவிட்டது. ஆயின் கற்பித்துக்கொண்டே கற்கும் பழக்கம் மறையவில்லை. டுடோரியலுக்கும் வீட்டுத் திண்ணைக்கும் இடம் மாறியிருக்கிறது. கொரோனாக் காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்திலும், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலைதோறும் பாடம் சொல்லப் பட்டதாரிப் பெண்கள் பலர் முன்வந்ததை நாம் கண்டோம்.

நெசவாளர் குடும்பங்களில் இந்தக் கனவுக்குத் தனி எடையுண்டு. காஞ்சிப் பட்டின் சிறப்பே கோர்வை. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்க, இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்து நெய்வதே அது. அதற்கு நெசவாளர் ஒருவர் போதாது. மறுபுறத்திலிருந்து நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் பள்ளிக்குப் போகவேண்டிய வயதுச் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தார். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பின்னர் எழுந்த இயக்கங்களும், 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் அப்பிள்ளைகளைப் படிப்படியாகத் தறியிலிருந்து பள்ளிக்கு அழைத்து வந்தன. அன்று தறியருகே நின்ற சிறுவர் இன்று பெற்றோராயினர். தம் பிள்ளை மருத்துவராக வேண்டும் என்று அவர்கள் விரும்புவதை வீண் ஆசை என்று நாம் சொல்ல மாட்டோம். தறிக்குழியில் கால் நீட்டி அமர்ந்து முதுகும் முழங்காலும் தேய்ந்தவர்கள், நோயென்றால் என்ன, மருத்துவருக்காகக் காத்திருப்பதென்றால் என்ன என்று நன்கு அறிவார்கள்.

கணக்கை முதலில் அறிவோம்

விருப்பம் ஒருபுறமிருக்க, கணக்கை அறியாமல் எக்குடும்பமும் முடிவெடுத்தல் ஆகாது. 2025-இல் நாடெங்கும் ஏறத்தாழ 22 லட்சம் பேர் நீட் தேர்வை எழுதினர். அவர்களுள் 12 லட்சத்துக்கு மேற்பட்டோர் 'தகுதி' பெற்றனர். ஆனால் எம்.பி.பி.எஸ். இடங்களோ, அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி அனைத்தும் சேர்ந்து சற்றேறக்குறைய ஒன்றேகால் லட்சம்தான். ஆகவே தகுதி பெறுதல் வேறு, இடம் பெறுதல் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல், "பாஸ் ஆகிவிட்டாளே, ஏன் சீட்டு கிடைக்கவில்லை?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இன்றும் உளர். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் ஆண்டுக்குப் பல லட்சம் கட்டணம். அரசுக் கல்லூரியில் சில ஆயிரங்களே. நெசவுக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு அரசு ஒதுக்கீட்டு இடமே இடம் என்பது வெளிப்படை.

மொத்தம் 720 மதிப்பெண், 180 வினாக்கள், மூன்று மணி நேரம். உயிரியலுக்கு 90 வினா, இயற்பியலுக்கு 45, வேதியியலுக்கு 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். இத்தேர்வைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுதலாம்.

இத்தேர்வு வந்த வரலாற்றையும் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1984-இல் தமிழகத்தில் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. 2006-ஆம் ஆண்டின் சட்டத்தால் அது நீங்கியது; அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதுமானதாயிற்று. 2017-இலிருந்து நீட் கட்டாயமாயிற்று. அதன் விளைவை ஆராய 2021-இல் நீதிபதி ஏ. கே. ராஜன் தலைமையில் மாநில அரசு அமைத்த குழு ஓர் உண்மையை எடுத்துக்காட்டியது. 2016–17-இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தோருள் முந்தைய ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்து மீண்டும் முயன்றோர் நூற்றுக்கு 12 பேர் அளவே. 2020–21-இல் நூற்றுக்கு 71 பேர். இதன் பொருள் என்ன? முதல் முயற்சியிலேயே இடம் பெறுவது அரிதாகிவிட்டது. ஓராண்டு காத்திருத்தல் பொதுவழியாகிவிட்டது. இது நீதியா என்பது வேறு கேள்வி. விலக்குக் கோரித் தமிழகச் சட்டப்பேரவை 2021-இலும் 2022-இலும் மசோதா நிறைவேற்றியதும், அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டாததும் யாவரும் அறிந்ததே. ஆயினும் இன்று உங்கள் வீட்டில் கண்ணீருடன் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு நீங்கள் சொல்லவேண்டிய முதற்சொல் இதுவே: "நீ தோற்றவன் அல்லன், பெரும்பாலோர் நடக்கும் வழியில்தான் நீயும் நிற்கிறாய்."

வயதைப் பற்றியும் அஞ்ச வேண்டியதில்லை. குறைந்தபட்சம் 17 வயது நிறைவடைய வேண்டும் என்பதே விதி. உயர் வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டது. பட்டப்படிப்பை முடித்து ஆசிரியராகப் பணியாற்றும் ஒருவரும் விண்ணப்பிக்கலாம்.

முன்னே நடந்தவர்கள்

கற்பித்துப் பொருளீட்டி மருத்துவம் கற்கச் சென்றவர்கள் உலக வரலாற்றிலும் உண்டு. எலிசபெத் பிளாக்வெல் அம்மையார் 1821-இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுமியாக அமெரிக்கா சென்றவர். 1838-இல் தந்தை இறந்தபோது குடும்பத்தில் பணமில்லை. சகோதரிகள் சேர்ந்து பள்ளி நடத்திப் பிழைத்தனர். நோயுற்றிருந்த தோழி ஒருவர், தமக்குப் பெண் மருத்துவர் ஒருவர் கிடைத்திருந்தால் தம் வேதனை குறைந்திருக்கும் என்று கூறியது அவர் உள்ளத்தில் தைத்தது. 1845-இல் வட கரோலினாவிலுள்ள ஆஷ்வில் என்னும் ஊருக்கு ஆசிரியையாகச் சென்றார். தங்கியிருந்த வீட்டுப் போதகர் முன்னாள் மருத்துவர். அவருடைய மருத்துவ நூல்களை இரவல் பெற்றுப் படித்தார். அடுத்த ஆண்டு சார்ல்ஸ்டன் நகரில் இசை ஆசிரியையாகப் பணியாற்றியவாறே மற்றொரு மருத்துவரின் நூல்களைப் படித்தார். பெண் என்ற காரணத்தால் பல கல்லூரிகள் அவரைத் திருப்பி அனுப்பின. இறுதியில் 1847-இல் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா மருத்துவக் கல்லூரி, முடிவை மாணவரிடமே விட்டது. அவர்கள் அதை வேடிக்கையென்று எண்ணி இசைந்தனர். 1849 ஜனவரியில் பட்டம் பெற்று, அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற்பெண்மணி ஆனார். இரண்டாண்டுக்கு மேல் அவர் பாடம் சொல்லிச் சம்பாதித்த பொருள் இல்லையேல் அந்தப் பட்டமும் இல்லை.

மற்றொரு வரலாறு குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமானது. போலந்து நாட்டு ஸ்க்லதோவ்ஸ்கா குடும்பத்தில் அக்காள் புரோனிஸ்லாவா, தங்கை மரியா இருவர்க்கும் உயர்கல்வி ஆசை. வார்சாவில் பல்கலைக்கழகம் பெண்களை ஏற்காத காலம். பாரிசுக்கு அனுப்பத் தந்தையிடம் பணமில்லை. சகோதரிகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். முதலில் அக்காள் பாரிசில் மருத்துவம் படிப்பாள். தங்கை வேலை செய்து பணம் அனுப்புவாள். பிறகு அக்காள் தங்கைக்குத் துணைசெய்வாள். 1886-இன் தொடக்கத்தில் மரியா தொலைவிலுள்ள ஒரு கிராமத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக அமர்ந்து மூன்றாண்டுகள் உழைத்தார். பகலில் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம்; ஓய்வு நேரத்தில் ஏழைக் குடியானவர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு; இரவில் தமக்கென இயற்பியலும் கணிதமும். அக்காள் 1891-இல் மருத்துவரானார்; அதே ஆண்டு தங்கையைப் பாரிசுக்கு வரவேற்றார். அந்தத் தங்கையே 1903-இலும் 1911-இலும் நோபல் பரிசு பெற்ற மேரி கியூரி அம்மையார். கோர்வைத் தறியில் இருபுறமும் இருவர் நாடாவைத் தள்ளுவதுபோல், ஒருவர் கல்விக்கு மற்றவர் கைகொடுத்த இல்லம் அது.

காஞ்சி மண்ணிலும் சான்று உண்டு. 1909-இல் இங்கு நெசவாளர் மரபில் பிறந்த அறிஞர் அண்ணா, வறுமை காரணமாகப் படிப்பை நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். பின்னர் படிப்பைத் தொடர்ந்து சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்றார். சில காலம் பள்ளியாசிரியராகவும் இருந்தார். இடையில் வேலைக்குச் சென்றதால் படிப்பு நின்றுவிடும் என்பது விதியன்று.

கற்பித்தலின் நன்மை

பாடம் சொல்வதால் படிப்புக்கு நேரம் குறையுமே என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தில் உண்மையுண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம். ஆயின் நன்மையும் பெரிது. தனியே படிப்பவன் புத்தகத்தைப் பார்த்தபடி, 'எனக்குத் தெரியும்' என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம். கற்பிப்பவனால் அது இயலாது. புத்தகத்தை மூடிவிட்டு, சிறுநீரகம் இரத்தத்தை எவ்வாறு வடிகட்டுகிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்கத் தொடங்கினால், தெரிந்தது எது, தெரியாதது எது என்பது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். "அப்படியானால் சிறுநீரில் ஏன் சர்க்கரை வருவதில்லை?" என்று ஒரு பிள்ளை எதிர்பாராமல் கேட்கும். அந்த ஒரு வினா ஆசிரியரை மீண்டும் புத்தகத்துக்கு அனுப்பும். அவ்வாறு தேடிக் கற்றது தேர்வு நாளில் மறக்காது.

இன்னொரு நன்மையும் உண்டு. அது தேர்வையும் கடந்தது. கடினமான பொருளை எளிய தமிழில், பொறுமை குன்றாமல், எதிரிலிருப்பவரின் முகக்குறிப்பை அறிந்து எடுத்துரைக்கும் ஆற்றலே நல்லாசிரியரின் ஆற்றல். நல்ல மருத்துவருக்கு வேண்டுவதும் அதுவே அன்றோ? நாள்தோறும் பத்துப் பிள்ளைகளிடம் ஒன்றையே நான்கு விதமாகச் சொல்லிப் பழகியவர், நாளை ஒரு முதிய நெசவாளரிடம், "பெரியவரே, இந்த மாத்திரையை நிறுத்தினால் இரத்த அழுத்தம் மீண்டும் ஏறும், ஏனென்றால்…" என்று விளக்கத் தடுமாற மாட்டார்.

கற்பித்தலின் இடர்

இனி இடரைப் பார்ப்போம். முதல் இடர் காலம். நீட் தேர்வு வழக்கமாக மே மாதத்தின் முதல் ஞாயிறன்று வருகின்றது. பள்ளிப் பொதுத் தேர்வுகளோ மார்ச், ஏப்ரல் மாதங்களில். ஆகவே டுடோரியலுக்கு எப்போது வேலை மிகுதியோ, அதே இரு மாதங்கள்தாம் நம் பிள்ளைக்கும் உயிரான மாதங்கள். பிப்ரவரி வரை ஒழுங்காகப் படித்தவர் மார்ச்சில் பிறர் பிள்ளைகளுக்கு இரவு பத்து மணி வரை வினாத்தாள் திருத்தித் தம் தேர்வைக் கோட்டைவிடுவது இவ்வாறே. வேலையில் சேரும் நாளன்றே, "பிப்ரவரி இறுதியோடு என் நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வேன், ஏப்ரலில் வரமாட்டேன்" என்று தெளிவாகப் பேசிக்கொள்ளல் வேண்டும். இதற்கு இசையாத இடத்தில் வேலையை ஏற்காதிருத்தலே நலம்.

இரண்டாம் இடர் பாடம். எது கிடைத்தாலும் சரி என்று ஆங்கில இலக்கணமும் சமூக அறிவியலும் நடத்த ஒப்புக்கொண்டால், நேரமும் போய்ப் பயனும் இல்லையாகும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பின் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களையே நடத்த முயலவேண்டும். பட்டதாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை: பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவர் உயிரியலில் தமக்குக் குறையில்லை என்று இறுமாந்திருத்தல் தகாது. தேர்வு கேட்பது பட்டப் படிப்பின் ஆழத்தையன்று, என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் வரிகளை. அந்நூல்களை முதலிலிருந்து புதிதாகப் படிப்பதே முறை. பெரும்பாலோர் சறுக்குவது இயற்பியலிலாதலால், நாளின் தெளிந்த முதற்பொழுதை அதற்கே ஒதுக்குக.

மூன்றாம் இடர் பணம்; இதுவே பெரிது. முதல் மாதச் சம்பளம் பிள்ளையின் புத்தகத்துக்கு. இரண்டாம் மாதச் சம்பளம் வீட்டு வாடகைக்கு. மூன்றாம் மாதம் முதல், குடும்பம் அந்தப் பணத்தை நம்பியே நடக்கத் தொடங்கிவிடும். தறியில் வேலை குறைந்த மாதங்களில், முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழுத்தை நெரிக்கும்போது, இது மிக எளிதில் நடந்துவிடும். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பிள்ளையின் வருமானம் வீட்டுக்குத் தூணாகிவிட்டால், படிப்பதற்காக அதை விடும் துணிவு பிள்ளைக்கும் வராது, பெற்றோர்க்கும் வராது. ஆகவே முதல் மாதமே கணக்குப் போட்டுப் பிரித்துவிடுக: ஒரு பங்கு படிப்புக்கு, ஒரு பங்கு ஏப்ரல், மே மாதங்களில் வருமானமின்றி இருக்கச் சேமிப்பு, எஞ்சியதே வீட்டுக்கு. நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு மேல் பாடம் சொல்லுதல் வேண்டாம்.

பெற்றோர் கடமை

எத்தனை முறை முயல்வது என்பதை முதலிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். எங்கள் எண்ணத்தில், பள்ளிக்குப் பின் இரண்டு முறை என்பது தக்க அளவு. முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டில் மதிப்பெண் நன்கு உயர்ந்திருந்தால் மூன்றாவதைச் சிந்திக்கலாம். உயரவில்லையென்றால் வழியை மாற்றுவதே அறிவு. எல்லையின்றித் தொடரும் முயற்சி பிள்ளையின் இளமையை மெல்லத் தின்றுவிடும். பட்டப் படிப்பில் சேர்ந்து அதனூடே முயல்வது, வெறுமனே வீட்டிலிருந்து முயல்வதைவிடப் பல குடும்பங்களுக்கு ஏற்றது. ஏனெனில் இடம் கிடைக்காவிடினும் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். மகன் ஓராண்டு காத்திருந்தால் 'படிக்கிறான்' என்கிறோம். மகள் காத்திருந்தால் 'வீட்டில் சும்மா இருக்கிறாள்' என்கிறோம். அடுத்த வாரமே வரன் பார்க்கும் பேச்சு எழுகின்றது. காலையில் சமையல், பிற்பகலில் தார் சுற்றுதல், மாலையில் டியூஷன், இரவில் பாத்திரம், அதன்பின் படிப்பு என்றால் எந்தப் பிள்ளையால் இயலும்? மகனுக்கு நீங்கள் தரும் ஆறு மணி நேர அமைதியை மகளுக்கும் தருக. வரன் பேச்சை ஒப்புக்கொண்ட கால எல்லை முடியும்வரை தள்ளிவைக்க. தமிழகத்தில் பெண்கள் மருத்துவம் கற்ற வரலாறு நேற்றுத் தொடங்கியதன்று. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். அக்காலத்து ஊர்ப்பேச்சுக்கு அவர் தந்தை அஞ்சியிருந்தால், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்திராது.

சான்றிதழ்களை இப்போதே தயார் செய்யுங்கள். நீட் தேர்வுக்கு ஒரு விண்ணப்பம். முடிவு வந்தபின் மாநில ஒதுக்கீட்டுக்குச் சென்னையிலுள்ள தேர்வுக் குழுவுக்கு மற்றொரு விண்ணப்பம். இவை இரண்டும் வெவ்வேறு என்பதை அறியாமல் வாய்ப்பை இழந்தவர் உண்டு. அரசுக் கல்லூரி இடங்களில் 85 விழுக்காடு மாநிலத்துக்கு. 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு. சாதிச் சான்றில் நம் குடும்பங்கள் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு: கிறித்தவரான ஆதிதிராவிடர் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். சான்றிதழில் ஒன்றும் விண்ணப்பத்தில் வேறொன்றும் எழுதினால் கலந்தாய்வு நாளன்று தொல்லை நேரும்.

அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு அது உரியது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. ஏழைப் பிள்ளைகள் பலர் அதனால் வெள்ளைக் கோட்டு அணிந்ததைக் கண்டு நாம் மகிழ்கின்றோம். ஆனால் அதே தெருவில், அதே வறுமையில் வளர்ந்து, நம் அரசு உதவிபெறும் பள்ளியில் பயின்ற பிள்ளைக்கு அச்சட்டம் இடந்தரவில்லை. சம்பளம் தருவது அரசு. பாடநூல் தருவது அரசு. பிள்ளைகளோ ஒரே கூலிக்காரரின் பிள்ளைகள். இக்குறையை அமைதியாகவும் விடாமலும் எடுத்துரைப்பது நம் கடமை. அதுவரை, ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளையை எப்பள்ளியில் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் பெற்றோர் இதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதை மறைப்பது நேர்மையாகாது. 1963-இல் இந்திய ஆயர்கள் பெங்களூரில் நிறுவிய தூய யோவான் மருத்துவக் கல்லூரியிலும் நீட் மதிப்பெண்ணே அடிப்படை. ஆயினும் அங்கே கத்தோலிக்க மாணவர்க்கு முன்னுரிமையுண்டு. பயின்றோர் கிராமப்புறத்தில் பணியாற்றும் கடப்பாடும் உண்டு. விரும்புவோர் அதையும் கேட்டறிக.

பங்கு மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓரறை வீட்டில் தறியும் அடுப்பும் தொலைக்காட்சியும் இருக்க, பிள்ளை எங்கே அமர்ந்து படிக்கும்? பங்கு மன்றம் வாரத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கின்றது. மாலை ஏழு முதல் பத்து வரை அதைத் திறந்து, இரண்டு விளக்குகளும் நான்கு மேசைகளும் இட்டால் போதும். செலவு சிறிது, பயன் பெரிது.

இறுதியாக, சொல்லைக் காப்பீராக. 2017-இல் அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176 மதிப்பெண் பெற்றும் மருத்துவ இடம் கிடைக்காத துயரில் செப்டம்பர் முதல் நாள் உயிர் துறந்ததைத் தமிழகம் மறக்கவில்லை. அதன்பின்னும் இளம் உயிர்கள் சிலவற்றை இழந்தோம். காத்திருக்கும் ஆண்டில் பிள்ளை உண்ணாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், அதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள்; அருகில் அமர்ந்து கேளுங்கள். 104 என்னும் எண்ணிலும் 14416 என்னும் எண்ணிலும் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கின்றது, அழைப்பது இழுக்கன்று. உறவினர் வீட்டுத் திருமணத்தில் "இன்னுமா சீட்டு கிடைக்கவில்லை?" என்று கேட்பவர்க்குப் பிள்ளை பதில் சொல்லவேண்டியதில்லை, தந்தையே முன்வந்து, "பாடம் சொல்லிக்கொண்டு படிக்கிறாள், எங்களுக்குப் பெருமைதான்" என்று சொல்லட்டும். அந்த ஒரு வாக்கியம் மூன்று மாதப் பயிற்சிக் கட்டணத்துக்கு மேலான உதவி.

இடம் கிடைத்தால் இறைவனுக்கு நன்றி. கிடைக்காவிட்டால்? செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பர் என நோயுற்றோருக்குத் தொண்டு செய்யும் வழிகள் பலவுண்டு. இரண்டாண்டு நன்கு பாடம் சொன்னவர்க்கு ஆசிரியப் பணியே அழைப்பாகவும் அமையலாம். எதுவாயினும், அந்த ஆண்டில் அவரிடம் அறிவியல் கற்ற பத்துப் பிள்ளைகள் அவரை 'சார்' என்றும் 'மிஸ்' என்றும் நன்றியோடு நினைப்பார்கள்; அவர்களுள் ஒருவர் நாளை மருத்துவராகலாம். ஆகவே பெற்றோரே, கேட்கும் பிள்ளைக்கு ஆம் என்று சொல்லுங்கள். கால எல்லையை வகுத்து, கணக்கைப் பிரித்து, கதவைச் சற்றே சாத்தி, படிக்க அமைதி தந்து சொல்லுங்கள்.